கிள்ளானில் ஒரு கென்யத் தேர்தல்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம், நானும் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவும். கிள்ளானுக்கு கொம்யூட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டணம் ஐந்து மலேசிய ரிங்கிட்டைத் தாண்டாது.

நான் கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் வந்தவள். அக்கா இங்கேயே பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாததால் நாற்பத்தாறு வயதுவரை சிவப்பு அடையாள அட்டைதான்; அதற்கு ஓட்டு கிடையாது. போன மாதம்தான் குடியுரிமை கிடைத்து நீல அட்டை வந்தது.

"முதல் தடவை ஓட்டுப் போடப் போய் முழிச்சுக்கிட்டு நின்னா மானம் போயிடும் லா," என்றார். கைப்பையின் ஓரத்தில் எப்போதும் போல ஒரு பேனா செருகியிருந்தது.

அதனால்தான் இந்தப் பயணம். கிள்ளானில் டியூஷன் நடத்தும் மாலா டீச்சர், அக்காவுக்குச் சித்தி மகள். வரலாற்று வகுப்புக்காக மாதிரித் தேர்தல் வைத்திருந்தார். சேலைக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பறை. படியெல்லாம் மல்லிகையும் வடை எண்ணெயும் கலந்த வாசனை.

"கென்யா பிரிட்டிஷ்காரன் கையில இருந்தப்ப, ஆப்பிரிக்கர்கள் முதல்ல சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இன்னிக்கு நாம போடப்போறோம்," என்றார் டீச்சர். "எல்லாருக்கும் ஓட்டு இல்ல. படிப்பு, வருமானம், நீண்ட நாள் சர்வீஸ், இப்படித் தகுதி பார்த்துதான் ஓட்டு குடுப்பான். கூடிப்போனா ஒருத்தருக்கு மூனு ஓட்டு."

படிப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என எனக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு கிடைத்தது. அக்கா படித்தது மூன்றாம் வகுப்புவரைதான், சம்பளமும் குறைவு.

"ஆன்டிக்கு ஸீரோ," என்றாள் முன்வரிசை மாணவி.

"ஒரே ஸ்கூல் கேண்டீன்ல பத்தொன்பது வருஷம். உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் எம்சி எடுத்ததில்ல. அது சர்வீஸ் இல்லாம என்னவாம்?" என்றார் அக்கா.

கைதட்டலோடு அக்காவுக்கும் ஒரு சீட்டு வந்தது.

சின்னங்கள் யானையும் குடையும். எண்ணும்போது ஒரு சீட்டைப் பார்த்து டீச்சர் நின்றுவிட்டார். குடைக்கு நேராகப் பெருக்கல் குறி. அதன் கீழே குண்டு குண்டாக அக்காவின் பெயர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து.

"செல்லாது அக்கா. யார் போட்டதுன்னு தெரியக் கூடாது."

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"பேரும் நம்பரும் இல்லாம எந்த கவுண்டர்ல என் தாளை வாங்கினான்? இருபது வருஷமா குடியுரிமை ஃபாரத்துல அதைத்தானே எழுதிக்கிட்டு இருந்தேன்?"

சிரிப்பு அடங்கியது. ஸீரோ என்று சொன்ன அதே பெண் புதுச் சீட்டோடு எழுந்து வந்தாள். "இன்னொரு தடவ போடுங்க ஆன்டி."

மறைப்புக்குப் பின்னால் அக்கா நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். இம்முறை சீட்டில் பெருக்கல் குறி மட்டுமே இருந்தது. "செல்லும்!" என்றார் டீச்சர். குடை தோற்றது.

"தோத்தா தோக்கட்டும். என்னையும் எண்ணினாங்கல்ல," என்றார் அக்கா.

திரும்பும் ரயிலில் யோசித்தேன். என் ஓட்டு கோயம்புத்தூரில் பதினெட்டு வயதில் தானாகவே கிடைத்தது. அன்றைய கென்யாவின் கணக்கில் எனக்கு இரண்டு. இந்த நாட்டில் ஒன்றுமில்லை. அக்காவுக்கு இங்கே ஒன்று, நிஜமாகவே.

சுபாங் ஜெயா வந்தபோது அக்கா கேட்டார், "பூத்துல பேனா அவங்களே குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அக்கா."

கைப்பையிலிருந்த பேனாவை உருவி என் கையில் வைத்தார். "அப்ப இது உனக்கு. விசா ஃபாரம் நீதானே இன்னும் எழுதணும்!"