அத்தைக்கு ஒரு ஸ்டூல்

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் பிளைவுட் அலமாரி ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சாரலடித்து அதன் அடித்தட்டு உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. ஒரே ஒரு தட்டு மாற்ற எந்த ஆசாரியும் மாடியேறி வரவில்லை. நானே மாற்றிப் பார்க்கலாமே என்று ஒரு கைரம்பம் வாங்கினேன். மதுராந்தகத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. செய்யூர்ப் பக்கம் வயல்வேலை செய்த குடும்பம் என் பிறந்த வீடு. மரவேலை தெரிந்தவர் யாருமில்லை.

தட்டு கோணலாகத்தான் வந்தது. ஆனாலும், ரம்பம் கோட்டின்மேலேயே போன அந்தக் கொஞ்ச தூரம் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்து ஓர் இழைப்புளி வாங்கினேன். அது மரத்தைச் சீவவில்லை, பிறாண்டியது. அதன் தகட்டைத் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டுமாம். போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு காலை முழுக்கச் சாணைக்கல்லில் தேய்த்துவிட்டுப் பலகையில் வைத்துத் தள்ளினேன். மெல்லிய சீறலோடு மரம் சுருண்டு எழுந்தது. அந்தச் சுருளைக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தேன். அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, “வெளிச்சம் தெரியுது” என்றார்.

உளியால் துளை போடப் பழகத் தொடங்கியதும் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா மேலே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, காலைலேர்ந்து இடிச்சிகினே கீற? கீழ சாமானெல்லாம் ஆடுது.”

மன்னிப்புக் கேட்டேன். தரையில் கிடந்த மரச்சீவல்களைப் பார்த்தார். “மொட்டமாடிக்குப் போயிடு. தண்ணி டேங்க் பக்கம் நெழலா கீது” என்றார். அதன்பிறகு டேங்கின் நிழல்தான் என் பட்டறை.

கணவர் ஏசி மெக்கானிக். சதுரங்கப்பட்டினத்து மீனவர் குடும்பம். அவருடைய அம்மா சாலையோரம் மீன் விற்கிறார். எங்கள் திருமணம் அத்தையின் விருப்பத்துக்கு மாறாக, பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. மகனிடம் பேசுவார், என்னிடம் பேசுவதில்லை. கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் மொட்டைமாடியில் இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு திரும்பி வந்தவர் நேராக மாடிக்கு ஏறி வந்தார்.

“அம்மாவுக்கு முட்டி வீங்கிக்கினு கீது. தரையில உட்கார்ந்தா எழுந்துக்க முடியல. பெயிண்ட் டப்பாவ கவுத்துப் போட்டு உட்கார்ந்துகினு கீது.”

“ஒரு ஸ்டூல் செய்யட்டுமா?”

“செய்யி. வாங்கிக்குமான்னு தெரியல.”

மீன் தண்ணீரில் கிடக்கப்போகும் ஸ்டூல் என்று சொல்லி, மரவாடியில் ஈரம் தாங்கும் பூவரசு வாங்கினேன். முதல் காலில் துளை போடும்போது மரம் பிளந்துவிட்டது. இரண்டாவதில் துளை பெரிதாகிப் போனது. புதிய கட்டை வாங்கி, ஒவ்வொரு துளைக்கும் உளியைத் தீட்டித் தீட்டி வேலை செய்தேன். கால்களும் குறுக்குச் சட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்ற அன்று, அதன்மேல் நானே ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை.

கணவர் அதை பைக்கில் கட்டி எடுத்துப் போனார். திரும்பும்போது ஸ்டூல் இல்லை.

“இன்னா சொன்னாங்க?”

“யாரு செஞ்சதுன்னு கேட்டுச்சி. சொன்னேன். டப்பாவ தள்ளி வச்சிச்சி. இதுல உட்கார்ந்துச்சி.”

அன்று அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

சில வாரம் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது. “நாந்தான்” என்றது குரல். யாரென்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

“ஸ்டூலு உசரமா கீது. அருவாமனை தரையில கீது, நான் மேல கீறேன். குனிஞ்சி குனிஞ்சி முதுகு போவுது.”

நாற்காலியின் உயரத்தை மனதில் வைத்துச் செய்திருந்தேன். அத்தை வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. “குடுத்தனுப்புங்க அத்த, அறுத்துத் தரேன்.”

“குடுத்தனுப்பிட்டு நாளைக்கி நான் எதுல உட்கார்றது? நீயே ரம்பத்த எடுத்துக்கினு வா.”

அந்த ஞாயிறு இருவரும் போனோம். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். வாசலில் அருவாமனையைப் போட்டு, பக்கத்தில் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அத்தையை உட்காரச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம் எறக்கு” என்றார். ஒரு கல்லை எடுத்தேன். அவர் கை தானாக அருவாமனைக்குப் போனது. “இதான்” என்றார். அந்த உயரத்தைக் கால்களில் குறித்துவிட்டு ஸ்டூலைச் சாய்த்தேன்.

“அமுத்திப் பிடிங்க அத்த.”

“புடிச்சிகினுதானே கீறேன். நீ அறு.”

மரத்தூள் அவருடைய பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. கணவர் உதவிக்கு வந்தபோது, “நீ தள்ளு, அது அறுக்கட்டும்” என்றார். நிமிர்த்தி வைத்தபோது ஸ்டூல் லேசாக ஆடியது. ஒரு காலின் அடியைச் சீவினேன். அத்தை உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார்.

“பக்கத்துல மீன் விக்கறவளுக்கும் முட்டி வலி. கேட்டுகினே கீறா” என்றார். பிறகு உள்ளே எழுந்து போகும்போது, “சங்கரா மீனு வறுக்கறேன். துன்னுட்டுப் போங்க” என்றார். போங்க என்றதில் நானும் இருந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் இருவரும் போகிறோம். பக்கத்தில் மீன் விற்கும் அம்மாவின் ஸ்டூலுக்கு அந்தச் சாலையோரத்திலேயே உட்கார்ந்து அளவெடுத்தேன். அத்தை இன்னும் என்னை மருமகள் என்று சொல்வதில்லை. “பையன் வூட்டுக்காரி” என்கிறார். போன வாரம் சமையல்கட்டு ஜன்னலைக் காட்டி, கடல்காற்று அடுப்பை அணைக்கிறது, இதற்குக் கதவு போட முடியுமா என்று கேட்டார். கதவு நான் செய்ததில்லை. முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.