பௌர்ணமி நேரம் எழுதும் பலகை

"நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல, வினோதினி. முதலாளிகிட்ட நீயே சொல்லிடு" என்றாள் சந்திரகலா.

"ஏங்க்கா?"

"ஏனா? ராத்திரி ஒம்பது மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு ஆரம்பிக்கிற பௌர்ணமிய காலையிலன்னு போர்டுல எழுதி வெச்சேனே, போதாதா? நம்ம விடுதில தங்கியிருக்கிற அப்பாசாமி ஐயா அத நம்பி, சித்திர வெயில்ல வெறுங்கால்ல மலைய சுத்திட்டு வந்திருக்காரு. பாதம் பூரா கொப்புளம்."

"அவரு சிரிச்சாருக்கா. 'பகல்லயும் மலை அங்கியேதானம்மா இருந்துச்சு'ன்னாரு."

"பெரிய மனுஷன், சொல்லுவாரு. ஒரு போர்டு ஒழுங்கா எழுதத் துப்பில்ல எனக்கு."

கூட வேலை பார்க்கும் வினோதினிக்கு ஆறுதல் சொல்ல வராது. சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "போன வாரம் அவரு ரூம் சாவியத் தொலைச்சிட்டு வந்து நின்னாரே, அவர இப்பிடித் திட்டுனீங்களா?"

"அவர எப்படிடி திட்டுறது? பாவம், அசந்துபோய் வந்தாரு."

"போர்டு எழுதுன அன்னிக்கு நீங்க ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தீங்க. நீங்க அசந்து போவலயா?"

சந்திரகலா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். இரண்டு நாளாகத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப்போன டிபன் பாக்ஸை அன்று திறந்து, புளிச்சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.

செங்கம் சாலையில் இருந்த அந்தச் சின்ன விடுதியின் வரவேற்பு மேசையில் அவளுக்கு அது ஆறாவது வருஷம். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கிரிவலம் போய்க் கால் நோகத் திரும்புகிறவர்களுக்குக் கேட்காமலே உப்புப் போட்ட வெந்நீர் வைப்பாள். தங்கியிருப்பவர் யாராவது முகம் கொடுக்காமல் போனால் மட்டும், தான் என்ன தப்பாகப் பேசினோம் என்று சாயங்காலம்வரை தன்னைத் துருவிக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாசாமியின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். தன்னைத் துருவுவது அத்தோடு நின்றுவிடவில்லை. ஆனால் அது தொடங்கும்போதெல்லாம், "போதும் கலா, போய் டீ குடி" என்று அவள் தனக்குத்தானே முணுமுணுப்பது வினோதினிக்குக் கேட்டது.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. எழுதும் வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவாளோ என்று வினோதினி பார்த்திருந்தாள். சந்திரகலா காலண்டரை மேசைமேல் விரித்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றாள்.

"இங்க வாடி, பக்கத்துல நில்லு" என்றாள். "தப்பா எழுதினா சொல்லிடு. நான் என்னையே திட்டிக்க ஆரம்பிச்சாலும் சொல்லிடு."