ஆட்டோ செலவு ஆயிரத்து இருநூறு

சானடோரியம் வருவதற்குள் வருமானம் முடிந்துவிடும். குரோம்பேட்டைக்குள் வாடகை, மளிகை, பால், கரண்ட் பில். பல்லாவரத்தில் கடன். திரிசூலம் தாண்டினால் இதர செலவுகள். மாதத்தின் முதல் வேலை நாளில், தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், கீறல் விழுந்த செல்போனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா தன் வீட்டு வரவு செலவை எங்களுக்கு வாசித்துக் காட்டிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் அவருக்கு பில் போடும் வேலை. அதனால் பெட்டியில் எல்லோருக்கும் அவர் பில்லிங் அக்கா. நான் எழும்பூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் ஆடிட்டர். எங்களோடு ஒரு டீச்சர், இன்னும் நாலைந்து பேர். சீசன் டிக்கெட்டில் சேர்ந்த சிநேகம்தான், ஆனால் சொந்தக்காரர்களைவிட அதிகம் பார்த்துக்கொண்ட முகங்கள்.

வீட்டுக் கணக்கை ரயிலில் வாசிக்கிற பைத்தியக்காரத்தனம் எப்படித் தொடங்கியது என்று கேட்பீர்கள். ஒருநாள் எங்கள் எல்லோருடைய போனுக்கும் ஒரே செய்தி வந்தது. அக்காவின் போட்டோ, அதன் கீழே ‘இவர் மோசடிப் பேர்வழி, கடனை வாங்கி ஏமாற்றுகிறார்’ என்று கொட்டை எழுத்து. போனிலேயே கடன் கொடுக்கும் ஏதோ ஒரு ஆப்பில் எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். தவணை தவறியதும், அவர் போனில் பதிந்திருந்த அத்தனை எண்களுக்கும் அந்தப் பாவிகள் இதை அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தால் பெட்டியை மாற்றியிருப்பேன், முடிந்தால் ஊரையே மாற்றியிருப்பேன். அக்கா மறுநாளும் வழக்கமான ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒன்றுமே தெரியாதவர்கள் போல மல்லிப்பூ விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாத்துக்குப் பூவப் பத்திப் பேசிகினு கீறீங்க? எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சில்ல? ஆமா, கடன் கீது. ஆப்புல மட்டும் இல்ல, மகளிர் குழுவுல மூணு எடத்துல கீது. ஒண்ண அடைக்க ஒண்ணு வாங்கி, மொத்தம் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். மறைச்சு மறைச்சு வெச்சதாலதான் இந்தப் பேஜாரு. இனிமே இன்னா வந்துச்சு, இன்னா போச்சுன்னு மாசாமாசம் உங்களாண்ட சொல்றேன். கேள்வி கேளுங்க. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேளுங்க.”

அவருக்கு ஒரே மகள். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காலேஜில் சேரும் நாளில் வீட்டில் ஒரு பைசா கடன் இருக்கக் கூடாது என்பதுதான் அக்காவின் கெடு. கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீதியை மனைவி பார்த்துக்கொள்வாள் என்று இருப்பவர். அக்காவும் பார்த்துக்கொண்டார், கடன் வாங்கி. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வாங்கிய இருபதாயிரம்தான் குட்டி போட்டுக் குட்டி போட்டு இத்தனை ஆனது. தன் மகளும் பதினெட்டு வயதில் குழுவில் போய்க் கையெழுத்துப் போடும்படி ஆகிவிடக் கூடாது என்று அடிக்கடி சொல்வார்.

கேள்வி கேட்கச் சொன்னால் நாங்கள் சும்மா இருப்போமா? தீபாவளி மாதத்தில் எண்ணெய் ஏன் மூன்று லிட்டர், கல்யாணத்துக்கு மொய் ஐந்நூறு எதற்கு, இருநூறு போதாதா என்று ஆளாளுக்குக் குடைந்தோம். அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று பேசுகிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார், சிலவற்றை ஒப்புக்கொள்வார், சிலவற்றுக்குச் சண்டை போடுவார். கடன் பாக்கி எவ்வளவு என்று சொன்னதும் எல்லோரும் கை தட்டுவோம். முதல் மூன்று மாதத்தில் ஆப்புக் கடன் ஒழிந்தது. பிறகு குழுக் கடன்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. நானும்தான் அந்த நாட்களில் கிரெடிட் கார்டில் புடவை வாங்கிக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். அதை ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான்தான் எல்லோரையும்விடக் கறாரானவள். வேலைப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் அந்தப் பட்டப்பெயர் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மாதம் மருந்துச் செலவு அறுநூற்று நாற்பது என்று வந்தது. என்ன மருந்து என்று கேட்டேன். கால் வீக்கத்துக்கு என்றார். நாள் முழுக்க பில் கவுண்டரில் நின்றால் வீங்கத்தான் செய்யும், உப்பைக் குறையுங்கள் என்று நான் வைத்தியமும் சொன்னேன். அடுத்த மாதம் அந்த வரி இல்லை. ஆனால் அதே சமயத்தில் வேறொரு வரி புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டோ, ஆயிரத்து இருநூறு.

அக்காவின் வாடகை வீடு முடிச்சூர் சாலையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. காலையில் கணவர் வேனில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார். ராத்திரி கடை விட்டு, ரயில் பிடித்து, பஸ் ஏறி இறங்கினால், அங்கிருந்து முன்பெல்லாம் நடந்துதான் போவார். இப்போது தினமும் ஐம்பது ரூபாய் ஆட்டோ. இரண்டு மாதம் அந்த வரியைச் சும்மா காதில் வாங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாதம் டீச்சர் மெதுவாகத் தொடங்கினார், “ஷேர் ஆட்டோ கூட வராதாம்மா உங்க ஏரியால?” தெருவுக்குள்ளே வராது என்றார் அக்கா. நான் விட்டிருக்கலாம். வண்டி திரிசூலத்தில் நின்றிருந்தது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு நாக்கு துறுதுறுத்தது. “மாசம் ஆயிரத்து இருநூறு அக்கா. வருஷத்துக்குப் பதினாலாயிரத்து நானூறு. ஒரு குழுக் கடன்ல பாதி. கால் இருக்குல்ல உங்களுக்கு?” என்றேன். பெட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். “இருக்குது ஆடிட்டரே, நல்லாத்தான் கீது. அடுத்த மாசம் பாரேன்” என்றார்.

அடுத்த மாதம் வாசிக்கும்போது அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆட்டோ, ஒண்ணும் இல்ல” என்றார். தட்டிய தட்டலில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டேன், பரிசு என்று சொல்லி. அதற்கடுத்த மூன்று மாதமும் ஆட்டோ இல்லை. கடன் பாக்கி அறுபத்திரண்டாயிரத்துக்கு வந்திருந்தது. அக்கா கொஞ்சம் இளைத்திருந்தார், முகம் வெளிறியிருந்தது. மகளின் பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு மாதம், முதல் வேலை நாளில், ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். செலவு கையை மீறியிருக்கும், அதுதான் அக்கா டிமிக்கி கொடுத்துவிட்டார் என்று நான்தான் கிண்டல் செய்தேன். டீச்சர் போன் போட்டார். மகள் எடுத்தாள். டீச்சரின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவர், பாதி வழியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தவர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பல்லாவரத்தில் இறங்கி எதிர் வண்டி பிடித்துப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் இறங்கியதும் டீச்சர் ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் ஏறவில்லை, நடந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. எனக்கே மூச்சு வாங்கியது, எனக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. வால்வில் கோளாறு என்று டாக்டர் சொல்லி, அலையாதீர்கள், மாடிப்படி ஏறாதீர்கள், அதிகம் நடக்காதீர்கள் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த அறுநூற்று நாற்பது ரூபாய் மருந்து அதற்குத்தான். தினமும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது ஜன்னல் சீட்டுக்காக அல்ல, ஸ்டேஷன் படிகளை நின்று நின்று ஏறி வர நேரம் வேண்டியிருந்ததற்காக. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் மகள். அம்மா ஆட்டோவை நிறுத்தியபோது அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

“டிரெயின்ல கேக்கறாங்கடின்னாங்க ஆன்ட்டி. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட வேண்டியதுதானம்மான்னேன். சொன்னா அய்யோ பாவம்னுடுவாங்க, அப்புறம் யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, கேட்டுகினே இருந்தாதான் கடன் அடையும்னு சொல்லிட்டாங்க.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நான் யார் என்று கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பட்டென்று கேட்டுவிடுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அன்று அந்த வாசலில் நின்றபோது அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் முதல் வேலை நாள். மகள் தாம்பரத்தில் எங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு வந்து ஏறினாள். கையில் அம்மாவின் போன். “அம்மா கடைசிக் கணக்கப் பாதி எழுதி வெச்சிருந்தாங்க. மீதிய நான் எழுதிட்டேன். படிச்சிடட்டுமா?” என்றாள். டீச்சர் நகர்ந்து ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டார். அவளாகவே ஆரம்பித்தாள். சம்பளம், வாடகை, மளிகை, பால். அதன் பிறகு ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி வாடகை, மாலை, சுடுகாட்டுக் கூலி. டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பல்லாவரம் வந்தது.

“கடன் பாக்கி, ஒண்ணும் இல்ல” என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “போன வாரம் குழுவுலேருந்து வந்தாங்க ஆன்ட்டி. கடன் வாங்குனவங்க இறந்துட்டா இன்ஷூரன்ஸ்ல கழிச்சிடுவாங்களாம். அறுபத்திரண்டாயிரத்தையும் கழிச்சிட்டோம்னு சொன்னாங்க. நீங்கதானே ஆடிட்டர் ஆன்ட்டி? இது அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?”

கடன் கொடுக்கும்போதே அந்த இன்ஷூரன்ஸுக்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். பால் பாக்கெட்டில் கூடின இரண்டு ரூபாயைக்கூட எழுதி வைத்த அக்காவுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. தெரிந்துதான் தினமும் அத்தனை தூரம் நடந்தாரா, அல்லது நான் கேட்டுவிட்டேனே என்று நடந்தாரா, இரண்டில் எது என்று எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. அந்தப் பெண் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதும்மா” என்றேன். “தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட சொல்லாம இருந்திருப்பாங்களா?”