அம்மாவின் வெள்ளை மணிமாலை

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று கரமனை வீட்டுக்கு வந்திருக்கும் உற்றார் அனைவருக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி அடக்கமாக எழுதும்படி அண்ணன் சொல்லியிருக்கிறான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கோ தாய்தான் பொன். முடிந்தவரை அடக்கிப் பார்க்கிறேன்.

அம்மா நாஞ்சில் நாட்டில் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா காலமானபோது நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை தன் அண்ணியான அம்மாவுக்கு, "மைனி, இனி வெள்ளைதான் உடுக்கணும். கழுத்திலயும் காதிலயும் ஒண்ணும் வேண்டாம்" என்று சட்டம் போட்டார். அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதி எங்களைப் படிக்கவைத்தார்.

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு ஆக்ரிக்கடை, அதாவது பழைய சாமான் வாங்கும் கடை, இருந்தது. அங்கே துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ஒரு மாலை கிடந்தது. உறைந்த பால் போன்ற வெள்ளைக் கண்ணாடி மணிகள். ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். "சேச்சி, அது முத்தல்ல, வெறும் குப்பியாணு" என்று, கண்ணாடிதான் என்பதை மலையாளத்தில் சொல்லி, கடைக்காரர் எச்சரித்தும் அம்மா வாங்கிவிட்டார். சோப்புத் தண்ணீரில் கழுவி, புது நூலில் கோத்து, மறுநாளே அணிந்துகொண்டு வேலைக்குப் போனார்.

செய்தி கேட்டு அத்தை பதறியடித்து வந்தார். "வெள்ளைன்னுதானே சொன்ன? இதும் வெள்ளைதான்" என்றார் அம்மா.

அதற்குப்பின் தோடு, வளையல், சேலையில் குத்தும் பூ என்று பால்கண்ணாடி நகைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. வாங்குமுன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் கண்ணாடி, இல்லையென்றால் பிளாஸ்டிக். எதையும் பெட்டியில் பூட்டிவைத்ததில்லை. தெருவே தங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஊரில் அம்மா கண்ணாடி அணிந்து தலைநிமிர்ந்து நடந்தார்.

எனக்கு வரன் வந்தபோது அந்த நிமிர்வுக்குச் சோதனை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, மாலையைப் பற்றி அத்தையிடம் விசாரித்திருக்கிறார். கண்ணாடி என்று சொல்ல வெட்கப்பட்ட அத்தை, "மைனிக்குப் பொறந்த வீட்டு முத்து" என்று அளந்துவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று, சபை கூடியிருக்கையில் அந்த அம்மாள் கேட்டார்: "இந்த முத்துமாலை பொண்ணுக்குத்தானே வரும்?"

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அம்மா பேசாமல் இருந்துவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அத்தை கண்ணாலேயே கெஞ்சினார்.

"முத்தில்லங்க, கண்ணாடி" என்றார் அம்மா. "சந்தேகம்னா கன்னத்துல வச்சுப் பாருங்க" என்று மாலையைக் கழற்றி நீட்டினார்.

அந்த அம்மாள் சற்றுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஒற்றினார். "ஆமா, குளுருதே!" என்று சிரித்துவிட்டார். அன்றே தாம்பூலம் மாறியது. இன்று அவர் என் மாமியார். உண்மையைச் சொல்லியே ஒரு கல்யாணத்தை முடித்தவர் என் அம்மா.

சில ஆண்டுகள் கழித்து அத்தையின் கணவர் காலமானார். பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை கொண்டுபோகும் முறை அம்மாவுக்கு வந்தது. தட்டில் வெள்ளைச் சேலை. அதன்மேல் அந்த முதல் மாலை. அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழையதைக் குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்திருப்பார். அம்மா மாலையை எடுத்து அவர் கன்னத்தில் வைத்தார். "குளுருதுல்லா? போட்டுக்கோ. வெள்ளைதான்." அத்தை அழுதுகொண்டே கழுத்தை நீட்டினார்.

அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் உடனிருந்தவர் அத்தைதான். அவருக்கும், சொந்தத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், சுடுசோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து கண்கலங்கி நின்ற ஆக்ரிக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று வாசலில் நின்று உங்களை வரவேற்றவர் அத்தைதான். அவர் கழுத்தில் கிடப்பது முத்தா என்று கேட்டுப் பாருங்கள். தலையை நிமிர்த்திச் சொல்வார்: "கண்ணாடியாக்கும். எங்க மைனி தந்தது."