பிள்ளைக் காம்பராவின் படி

தேயிலை விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, என் புருஷன் என்னை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினான். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறையில் இரண்டு வருஷம் உடம்பை விற்றுப் பிழைத்தேன். அங்கேதான் மகள் பிறந்தாள். அப்பன் யாரென்று எனக்கே தெரியாது.

பிறகு ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தேன். கைப்பிள்ளையை மலைக்குத் தூக்கிப் போக முடியாது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் அவளைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த அறைதான்.

என் கதை எனக்கு முன்னாலேயே தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. முதல் நாள் காலை, குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மா வாசலை மறித்து நின்றாள்.

"பிள்ளையக் குடு. நீ படி ஏறாத."

"பால் குடுக்க வரணுமே, ஆயம்மா."

"வெளிய ஒக்காந்து குடு."

உள்ளே பிள்ளையை விட வந்த ஒருத்தி சிரித்தாள். "இவ புருஷனுங்க எல்லாம் வந்தா காம்பரா பத்தாது."

"ஒம் புருஷன அனுப்பாம இரு, பத்தும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஆயம்மா மகளை வாங்கித் தொட்டிலில் போட்டாள்.

பால் கொடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான் தூறலில், படிக்குக் கீழே, கம்பளியால் மகளின் தலையை மூடிக்கொண்டு கொடுத்தேன். சாயங்காலம்வரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு அதே படிக்குப் போனேன்.