பதினோராவது வளைவில் நான் கேட்டது

முருகனை நம்பி வருடாவருடம் என்னோடு பழனிக்கு நடக்கிற அன்பர்களே, நம் குழுவின் ஆண்டு மலரை அச்சடிப்பவன் என்ற முறையில் உங்கள் அனுபவங்களை எல்லாம் நான் பிழை திருத்தியிருக்கிறேன். இந்த முறை என் பிழையை நீங்கள் படியுங்கள்.

போன ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். போடியில் என் அச்சகத்தில் இருந்தேன். மச்சினன் மனைவி தேன்மொழி போன் செய்தாள். போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். காய் பறிப்பு நடப்பதால் என் மனைவி கோமதி அங்கே துணைக்குப் போயிருந்தாள். கோமதிக்கு வெகுநாளாக ஆஸ்துமா.

"அண்ணே, மதினிக்கு மூச்சு இழுக்குது. இன்ஹேலரு தீந்துபோச்சு. புதுசு வீட்டு பீரோவுல இருக்காம். பேச முடியல, எழுதிக் காட்டுறாக. வெரசா கொண்டாங்கண்ணே."

"மாப்ளே எங்கம்மா? ஜீப்ப எடுக்கச் சொல்லு."

"நெடுங்கண்டத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டாக. போன எடுக்க மாட்டேங்குறாக."

கோமதி பேசாமல் எழுதிக் காட்டுகிறாள் என்றதும் வீட்டுக்கு ஓடி பீரோவைத் திறந்தேன். இருபத்தாறு வருடத்தில் அவள் பேச முடியாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

காலை பஸ் போய்விட்டது. வாடகைக் கார்க்காரர்கள் எல்லோரும் கல்யாண ஓட்டத்தில் இருந்தார்கள். முகூர்த்த நாள். அந்தப் பத்திரிகைகளில் பாதியை அடித்தவனே நான்தான். மிச்சம் இருந்தது என் கார்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்திரண்டு. பங்குனியிலிருந்து, இன்ஜினைக் குளிரவைக்கிற கூலண்ட் குறைந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் இப்ராகிம் பாய் ஓஸ் மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்தார். பம்பையும் மாற்றினார். நான் மறுபடி மறுபடி ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "கீழ ஒரு சொட்டு இல்லண்ணே. குடிக்குது, ஆனா ஒண்ணுக்குப் போக மாட்டேங்குது. சோதிச்சுப் பாக்க வேணாம், மலைக்கு மட்டும் ஏத்திராதீக" என்றார்.

மலைக்குத்தான் ஏற்றினேன். இரண்டு பாட்டில் தண்ணீர், சட்டைப் பையில் இன்ஹேலர். அடிவாரத்து முந்தல் தாண்டும்போதே சூட்டு முள் நகர ஆரம்பித்தது. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி ஆறவைத்து ஊற்றினேன். ஒன்பதில் மறுபடியும். பதினோராவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரம் கட்டினேன்.

பாட்டில்கள் காலி. பாறையில் தண்ணீர் வழிகிற இடம் மூன்று வளைவுக்குக் கீழே. போனில் டவர் இல்லை. மேலே நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. என் முழங்காலைக் கேட்டால் நாள் முழுக்க என்று சொல்லும்.

அங்கேதான் வேண்டினேன். அழகாக வேண்டவில்லை. "முருகா, இந்த ஓட்டையை அடை. தண்ணியக் குடு. இந்த வண்டி ஓடணும்." மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்ள நினைத்தேன். அதற்குத் தேவையான முடி என்னிடம் இல்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு.

ஒரு ஜீப் ஏறி வந்தது. நிறையப் பெண்கள், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையிலேயே போயிருக்க வேண்டிய வண்டி. டயர் பஞ்சராகி அன்றைக்குத்தான் நேரமாகிவிட்டது. குறுக்கே நின்று கை காட்டினேன்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

டிரைவர் செல்வம் ஒரு கேனை எடுத்துக் கொடுத்தான். நன்றி சொன்னேன். அவன் கியரைப் போட்டான். ஜீப் நகர்ந்தது. அன்பர்களே, நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். எனக்கு வண்டி ஓட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் கேட்டார். சிலமலை ஊர்க்காரர், பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "ஏண்ணே, அழுதீகளா? அப்படி என்ன சோலி மேல?"

சொன்னேன்.

"நிப்பாட்டு செல்வம். ஏண்ணே, நாங்க அந்தத் தோட்டத்தத் தாண்டித்தான போறோம். மருந்தக் குடுக்காம தண்ணிய வாங்கிட்டு நிக்கிறீக?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "கண்ணாடி போட்டிருக்காருடி. படிச்சவுக அப்படித்தான்."

இன்ஹேலரைக் கொடுத்தேன். என்னை ஏற்ற ஜீப்பில் இடமில்லை. பேச்சியம்மாள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஜீப் வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. மருந்து போய்ச் சேர்ந்ததா, சேரும்போது அவள் எப்படி இருந்தாள், தெரியாது. வண்டியைச் சரிசெய்யத் தோன்றவில்லை. கையில் தண்ணீர்க் கேன் இருந்தது, ஊற்றத் தோன்றவில்லை. அப்போது நான் வேண்டியதில் ஓட்டை இல்லை, ரேடியேட்டர் இல்லை. அவள் பெயர் மட்டும் இருந்தது.

ஜீப் திரும்பி வந்தது. செல்வம் இறங்கும் முன்பே சொன்னான். "அக்கா நல்லாருக்குண்ணே. ரெண்டு இழுப்பு இழுத்துச்சு, கொஞ்ச நேரத்துல பாலில்லாத கட்டன் சாயா குடிச்சுச்சு. அந்த ஓட்ட வண்டியிலயா வந்தாருன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். வையுது."

வைகிறாள் என்று கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வம் என் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க, டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது என்பதால், இடதுபக்கக் கதவு வழியாக உள்ளே புகுந்தான். காலை வைத்தவன் குனிந்து கால்மிதி விரிப்பைத் தூக்கினான். "இது என்னண்ணே, பிசுபிசுன்னு?"

"மிதிக்காதப்பா. அது பஞ்சாமிர்தம்."

உண்மையில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய், வரவழைத்த இந்தக் காரில் திரும்பும்போது அந்த இடத்தில் ஒரு டப்பா கவிழ்ந்தது. துடைத்தும் ஈரம் போகவில்லை, இனிப்பு வாசனை போகவில்லை. ஏழு மாதம். முருகன் அருள் என்று நினைத்து, பிரசாதத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது என்று இப்ராகிம் பாயையும் தடுத்துவிட்டேன். பாய் பெருந்தன்மையாக அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நான் அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

செல்வம் விரலில் எடுத்து முகர்ந்தான். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். "அண்ணே, இது கூலண்ட்டு. வாயில கீயில வச்சிராதீக, வெசம். உள்ள ஹீட்டரு இருக்குல்ல, மேல குளிருக்குப் போடுறது, அது ஓட்ட. வெளிய சொட்டாது, உள்ளயேதான் எறங்கும்."

வண்டியின் கையேட்டை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஹீட்டர் என்ற பகுதியைப் போடிக்காரனுக்கு எதற்கு என்று மூன்று முறையும் தாண்டியிருக்கிறேன்.

செல்வம் ஹீட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி, திரும்பி வருகிற வழியோடு நேராக மாட்டி இறுக்கினான். கால் மணி நேர வேலை. கேன் தண்ணீரை ஊற்றினோம். முள் நடுவில் நின்றது, போடிமெட்டு வரைக்கும் நகரவில்லை.

கோமதி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மருந்த மட்டும் குடுத்துவிட்டுட்டு வீட்டுல இருந்திருக்கலாம்ல" என்றாள். ஒரு வாக்கியம் முழுதாக, நடுவில் நிற்காமல். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கந்தனுக்கு நான் கோடி முறை நன்றி சொன்னாலும் போதாது. அதன் பிறகு என் வேண்டுதல்கள் சுருங்கிவிட்டன. முன்பெல்லாம் அவனுக்கு வழியும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன், அச்சகத்தில் ஆட்களுக்குச் சொல்வதுபோல. இப்போது யாருக்காகக் கேட்கிறேனோ அந்தப் பெயரை மட்டும் சொல்கிறேன். இன்ஹேலர் தோட்டத்தில் இரண்டு, வண்டியில் ஒன்று வைத்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

நீங்களும் ஏதாவது ஒரு வளைவில் நின்றுகொண்டிருக்கலாம். அவனைக் கூப்பிடுங்கள், வருவான். வந்து ஏண்ணே அழுதீகளா என்று கேட்டால், தண்ணீர் போதும் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.