எழுத்து அணையும் வரை

பாணேரில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் அடுப்பு என்று தனியாக ஒன்று கண்ணுக்குத் தெரியாது. சமையல் மேடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி பதித்திருக்கும், அவ்வளவுதான். அதன் ஓரத்தைத் தொட்டால் கண்ணாடிக்கு அடியில் ஒரு வட்டம் மெல்லச் சிவந்து வரும். மழைக்காலத்து விடியலில் மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருப்பது மட்டும் தெரியுமே, அந்த மாதிரி.

அதில் பால் காய்ச்சத்தான் அம்மாவும் அப்பாவும் தாபோடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அப்பா அங்கே ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பாடப்புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான்.

அம்மா கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, சிலேட்டு மாரி கீது. நெருப்பே காணோம், எப்பட்றா பொங்கும்?"

"பொங்கும்மா. நீ பால வை."

"ஒடஞ்சிடாதே?"

அதை அவள் ஒரு வாரமாகப் போனிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். தாபோடி வீட்டில் பால் காய்ச்சிய அன்று விளக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அந்த வருஷம்தான் அப்பாவின் கை வெந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் மறுத்துப் பேசியதில்லை, நம்பியதும் இல்லை. புது வீட்டில் முதல் நாள் கண்ணாடி உடையக் கூடாது. அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

பால் வைத்தோம். பக்கத்தில் சின்ன அகல் ஒன்றையும் ஏற்றி வைத்தாள், நெருப்பு இல்லாத குறைக்கு. ஜன்னலுக்கு வெளியே பாணேர் குன்றைப் பனிமூட்டம் பாதி விழுங்கியிருந்தது. கீழே ஹிஞ்சேவாடி போகிற கம்பெனி வண்டிகள் சத்தமே இல்லாமல் நீந்துவதுபோல் இருந்தது. பால் நுரைத்தது, விளிம்பில் ஒரு கணம் யோசித்தது, பிறகு வழிந்தது.

"கிழக்கதான் போச்சி," என்றாள் அம்மா.

"எல்லா ஊட்டுலயும் கிழக்கதான் போவுது," என்றார் அப்பா. "நீ நிக்கிற பக்கந்தான் உனக்கு கிழக்கு."

பால் கண்ணாடியில் வெள்ளைக் குளமாகப் பரவி, ஓரத்தில் பழுப்பாகிப் பொரிந்தது. நான் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். திரும்புவதற்குள் அம்மா ஈரத்துணியோடு குனிந்துவிட்டாள். தாபோடி அடுப்பில் அப்படித்தான்; சூட்டோடு துடைக்காவிட்டால் பால் அடையாகிவிடும். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்மா."

"இன்னாடா, நல்ல நாள்ல கைய புடிச்சி தடுக்கிற?"

"கண்ணாடி கொதிச்சிகினு கீது. ஈரத்துணி பட்டா விரிசல் உட்டுடலாம். ஆவியும் கையில அடிக்கும்."

விரிசல் என்ற சொல் அவளைப் பின்னால் இழுத்தது. துணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

"ஆறிச்சின்னு எப்பிடி தெரியும்? தொட்டா பாக்கறது?"

"தொடவே கூடாது. அதோ, செவப்பா ஒரு எழுத்து தெரியுதில்ல? சூடு இருக்குன்னு அர்த்தம். அது அணையற வரைக்கும் கை வைக்கக் கூடாது."

அம்மா தரையில் உட்கார்ந்து அந்த எழுத்தைப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவே ஒரு பாலம். "ஏணி மாரி கீது, ஒரே படி," என்றாள். அப்பா சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காய்ந்த பாலின் வாசனை, அகல் எண்ணெயின் வாசனை, ஜன்னல் வழியாக நனைந்த மண்ணின் வாசனை. அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோடு வேலை எதுவும் இல்லாமல் அப்படி உட்கார்ந்தது அதற்கு முன் எனக்கு ஞாபகமில்லை. கறுப்புக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு ஒரு தீவாகத் தெரிந்தது. நாங்கள் மூவரும் கரையில் காத்திருந்தோம்.

"போச்சிடா," என்றாள் மெதுவாக.

எழுந்து தன் பையைத் திறந்தாள். மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒன்றில் ஆசிட், சைக்கிளில் விற்க வருகிறவரிடம் வாங்கியது. ஒரு பொட்டலத்தில் பிளீச்சிங் பவுடர். ஒரு கம்பி நார்.

"ரெண்டையும் கலந்து ஊத்துனா பளிச்சுன்னு ஆயிடும்."

"கலக்கவே கூடாதும்மா. விஷப் புகை வரும்."

அம்மா யோசித்தாள். "நம்ம சந்து கக்கூஸ கழுவப் போயி மூணாவது ஊட்டுக்காரி கண்ணு எரிஞ்சி இருமிகினே ஓடியாந்தாளே, அதுவா?"

"அதுவேதான். அதோட ஜூஸ் பாட்டில்ல ஆசிட் வைக்காத. அப்பா தூக்கக் கலக்கத்துல குடிச்சிடப் போறாரு."

"நான் முழிச்சிகினுதான் கீறேன்," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

பாட்டிலையும் பொட்டலத்தையும் வெவ்வேறு மூலையில், எட்டாத உயரத்தில் வைத்தேன். கம்பி நார் கண்ணாடியைக் கீறிவிடும் என்பதால் அது பைக்கே திரும்பியது. ஆப்பசோடாவைத் தீவின் மேல் தூவி, ஈரத்துணியைப் போர்த்தி ஊற விட்டோம். பிறகு துடைத்தபோது பெரும்பாலும் வந்துவிட்டது. ஓரத்து வளையம் மட்டும் வரவில்லை. அதைச் சுரண்ட என் பழைய கல்லூரி அடையாள அட்டையை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"உன் மூஞ்ச வச்சியா அடுப்ப சொரண்டுவ?"

அட்டை அவள் பர்ஸுக்குள் போயிற்று. மளிகைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றால், சாய்வாகப் பிடித்து, அவளே சுரண்டினாள். கடைசியில் துளி வினிகர் விட்டு உலர்ந்த துணியால் துடைத்ததும் அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. விளிம்பிலிருந்து விளிம்புவரை அதன் மேல் விரலை ஓட்டினாள். எங்கேயும் விரிசல் தட்டவில்லை. மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டாள்.

மிச்சப் பாலில் டீ போட்டாள், அவளாகவே ஓரத்தைத் தொட்டு. அணைத்த பிறகு கண்ணாடியில் சிந்தியிருந்த ஒரு சொட்டைத் துடைக்க அப்பா தோள் துண்டோடு எழுந்து வந்தார்.

"கைய வைக்காத," என்றாள் அம்மா. "எழுத்து இன்னும் போவல."

அப்பா எழுத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, டம்ளரோடு தரையில் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினார்.